பவுசர் போன பிறகு

ஏறாவூரில் கலியாண வீடியோ எடுப்பவர்களுக்குக் குறைவில்லை. உலகம் பாழான பிறகு மனிதர் எப்படி இருப்பார்கள் என்று படம் எடுக்கக் கிளம்பியவள் நஸ்ஹா ஒருத்திதான். அதை அவள் ஒளித்துச் செய்யவும் இல்லை, பணிவாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. "என்ன புள்ள, படம் எடுக்கிறியாம்?" என்று தெருவில் யாராவது கேட்டால், "ஓம், நல்ல படம்" என்று சொல்லிவிட்டு நடப்பாள்.

அவளும் புருசன் அஸாமும் பிரதான வீதியில் ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தார்கள். அஸாம் அவளுடைய மாமி மகன். சின்ன வயதிலிருந்து கூப்பிட்ட 'மச்சான்' என்ற முறையைக் கலியாணத்துக்குப் பிறகும் அவள் மாற்றவில்லை. கமரா அவன் கையில், எடிட்டிங் அவள் கையில். மாப்பிள்ளை வந்து இறங்குவதையும் பொண்ணு தலைகுனிவதையும் வெட்டி ஒட்டிய அதே கணினியில், வேலை ஓய்ந்த நேரங்களில் அவள் பாழுலகப் படங்கள் பார்ப்பாள். சாம்பல் நிற வானம், மதில் சூழ்ந்த நகரம், மணிக்கட்டில் இலக்கம் குத்திய சனம், ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒலிபெருக்கி. எத்தனை தரம் பார்த்தும் அவளுக்கு அலுக்கவில்லை.

அப்படி ஒரு படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது அவள் பள்ளிக்கூடச் சிறுமி. உள்நாட்டுச் சண்டை முடிந்த வருசம் அது. கூட இருந்து பார்த்த மச்சிமார் பயந்து எழும்பிப் போனார்கள். நஸ்ஹாவுக்குப் பயம் வரவில்லை. ஒருவகை நிம்மதி வந்தது. அதுவரை அவள் பார்த்த படங்களிலெல்லாம் பாட்டும் பூந்தோட்டமும் இருந்தன. வீட்டுக்கு வெளியிலோ, சோதனைச்சாவடியில் வாப்பா சட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். இந்தப் படத்தில்தான் ஒரு மனிதன் வரிசையில் நின்று அட்டையை நீட்டினான். நீட்டும்போது காவலாளியின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். கண்காணாத தேசத்தில் இருக்கிற எவரோ ஒருவருக்கு இது தெரிந்திருக்கிறதே என்று அவள் நினைத்தாள். பொய் சொல்லாத படம் இதுதான் என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

இந்தப் பைத்தியத்தில் அவளுக்கு ஒரு கூட்டாளியும் கிடைத்தார். மட்டக்களப்பு நகரத்தில் ஐரோப்பிய வழிவந்த பறங்கியரான மல்கம். கொழும்பில் வெகுகாலம் விளம்பரப் படங்கள் எடுத்துவிட்டு, புளியந்தீவில் இருந்த தாய்வீட்டுக்கே திரும்பி வந்தவர். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அவருடைய மேல்மாடியில் நாலைந்து பேர் கூடிப் படம் பார்ப்பார்கள். பார்த்து முடிந்ததும் வாதம் தொடங்கும். மல்கம் எப்போதும் ஒன்றையே சொல்வார்.

"எச்சரிக்கை எண்டா அது நித்திரையக் கெடுக்கோணும், நஸ்ஹா. கடைசியில ஒரு நம்பிக்கையக் குடுத்தா சனம் நல்லாச் சாப்பிட்டுட்டுப் படுத்திரும்."

அவளுக்கு அது வேதவாக்காக இருந்தது. அந்த வாக்கை மனதில் வைத்துத்தான் 'தண்ணிச் சீட்டு' என்ற கதையை எழுதினாள்.

கதை இந்த நூற்றாண்டின் கடைசியில் நடக்கிறது. மட்டக்களப்பு வாவி உப்புத் தரையாகக் கிடக்கிறது. உன்னிச்சைக் குளம் வற்றி வெடித்துப் போயிருக்கிறது. 'நிர்வாகம்' என்று மட்டும் பெயருள்ள ஒன்று தண்ணீர் ஏற்றிய பவுசர் லொறியை அனுப்புகிறது. பவுசர் வரும், கொஞ்ச நேரம் நிற்கும், சைரன் ஊதும், போய்விடும். அதற்குள் பிடித்தவருக்குத்தான் தண்ணீர். கடைசிக் காட்சியில் வரிசையில் நின்ற ஒரு பெண் விழுந்துவிடுகிறாள். சனம் அவளை மிதித்துக்கொண்டு பவுசரை நோக்கி ஓடுகிறது. பவுசர் போன பிறகு அவளும் அவளுடைய நசுங்கிய தண்ணீர்க் கானும் மட்டும் தரையில் கிடக்கின்றன. அவ்வளவுதான் படம்.

மல்கம் கடைசித் தாள் வரை வாசித்தார். பிறகு, "என்ட கமராவத் தாறன்" என்றார். விழுகிற பெண்ணாக நடிக்க அவருடைய அக்கா குவெண்டலினே சம்மதித்தார். தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிற, உரத்துச் சிரிக்கிற, கனத்த உடம்புக்காரி. வீட்டு விறாந்தையில் மெத்தையைப் போட்டு விழுந்து விழுந்து பழகினார்.

சனத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. உன்னிச்சையில் அன்னப்பூரணி என்ற வேளாண்மைக்காரி, தன் தெருப் பெண்களையெல்லாம் திரட்டித் தருவதாகச் சொன்னாள். ஏறாவூரிலிருந்து நஸ்ஹாவின் உம்மா பஹீமா ஒரு பஸ் நிறையப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தார். அந்தத் தமிழ் ஊருக்கும் இந்த முஸ்லிம் ஊருக்கும் இடையில் சண்டைக் காலத்துப் பழைய காயங்கள் உண்டு. அவற்றை யாரும் அன்றைக்கு எடுக்கவில்லை. ஆனாலும் குளத்துக்குள் இறங்கியதும் முதலில் இரண்டு கூட்டமாகத்தான் நின்றார்கள். நஸ்ஹா கவலைப்படவில்லை, அவளுடைய கதைக்கு ஒட்டாத சனம்தான் தேவைப்பட்டது.

அந்த வருசம் குளம் வழக்கத்தைவிடக் கூடுதலாக வற்றியிருந்தது. பாளம் பாளமாக வெடித்த தரையில் மட்டிச் சிப்பிகள் வெள்ளையாகக் கிடந்தன. வெயிலில் கண் கூசியது. எல்லாருக்கும் சாம்பல் நிறச் சட்டைகளை மாட்டி, கையில் வெறும் கான்களைக் கொடுத்து வரிசையில் நிற்க வைத்தாள். மல்கம் கமராவுக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்தார். நஸ்ஹா கையை உயர்த்தினாள்.

பவுசர் வந்தது. சனம் ஓடியது. குவெண்டலின் சொன்ன இடத்தில் சொன்னபடி விழுந்தார். பக்கத்தில் ஓடிய அன்னப்பூரணி நின்று, குனிந்து, கையைக் கொடுத்தாள்.

"கட்! அக்கா, தூக்கக் கூடாது. மிதிச்சுப் போகோணும்."

"ஓம் தங்கச்சி, மறந்திட்டன்."

இரண்டாம் தரம் அன்னப்பூரணி தூக்கவில்லை. விழுந்தவரைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். அவளுக்குப் பின்னால் வந்த பெண் தூக்கினாள். மூன்றாம் தரம் ஒருவரும் தூக்கவில்லை, ஆனால் கூட்டம் முழுவதும் இரண்டாகப் பிரிந்து, பாடையைக் கண்டு விலகுவதைப்போல ஒதுங்கிப் போயிற்று. அடுத்த தரம் மிதிப்பதாக நடித்த ஒரு பெண், "ஆண்டவரே, நொந்துதா அன்ரி?" என்று ஓடுகிற ஓட்டத்திலேயே கேட்டுவிட்டாள். தரையில் செத்துக் கிடந்த குவெண்டலின் குலுங்கிச் சிரித்தார்.

நஸ்ஹாவுக்குத் தலை கொதித்தது. இது விளையாட்டு இல்லை என்று கத்தினாள். தாகத்தில் மனிதர் மிருகம் ஆகிவிடுவார்கள், அதைக் காட்டாவிட்டால் இந்தப் படமே இல்லை என்றாள். பெண்கள் தலையைக் குனிந்து கேட்டார்கள். சொந்த மகள் ஊருக்கு முன்னால் கத்துவதைப் பார்த்துப் பஹீமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். கடைசியில் அன்னப்பூரணிதான் வாயைத் திறந்தாள்.

"கோவிக்காத தங்கச்சி. நாங்க நடிக்கத்தான் பாக்கிறம். கால் போகுதில்ல. கை முந்திருது."

அதற்குப் பிறகு எடுத்த தரம் எல்லாவற்றையும்விட மோசம். குவெண்டலின் விழுந்தார், ஏறாவூர்ப் பெண்களும் உன்னிச்சைப் பெண்களும் சேர்ந்து ஆளுக்கொரு கை பிடித்தார்கள். கனத்த உடம்பு, எழும்பவில்லை. அவர்கள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே, சாரதி தனக்குச் சொல்லப்பட்டிருந்தபடி சைரனை அடித்துவிட்டுப் பவுசரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நஸ்ஹா, "கட்! கட்!" என்று கத்திக்கொண்டே கமராவுக்கு முன்னாலேயே ஓடினாள்.

அடுத்த நாள் பெண்களை அனுப்பிவிட்டு, ஏறாவூரில் பந்தடிக்கிற இளைஞர்களைக் கொண்டுவந்தாள். முகத்தைத் துணியால் கட்டி, குவெண்டலினுக்குப் பதிலாக வைக்கோல் அடைத்த சட்டையைப் போட்டு, அதை மிதிக்கச் சொன்னாள். நன்றாக மிதித்தார்கள். புழுதி எழும்பியது. மல்கம் எழுந்து நின்று கைதட்டினார்.

படத்தை வெட்டி ஒட்டி முடித்தபோது அவளுக்கே மயிர் கூச்செறிந்தது. நிறத்தை எல்லாம் உறிஞ்சிவிட்டு, வானத்தை ஈயம்போல ஆக்கியிருந்தாள். மல்கம் அதைக் கொழும்பில் தனக்குத் தெரிந்த திரைப்பட விழாக்காரர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினார். மூன்றாம் நாள் பின்னேரம் ஸ்டூடியோவுக்கே நேரில் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"விழாவுக்கு எடுத்துட்டாங்க, நஸ்ஹா! அந்தாள் என்ன சொன்னார் தெரியுமா? வெளிநாட்டுப் படம் மாதிரியே இரிக்காம். எந்த ஊர்ல எடுத்ததெண்டே தெரியல்லையாம். அப்படிப் புகழ்ந்தார்!"

அஸாம் ஓடிப்போய்க் குளிர்பானம் வாங்கி வந்தான். நஸ்ஹாவும் சிரித்தாள். ஆனால் அந்தக் குளிர்பானத்தைக் குடித்து முடிப்பதற்குள் அவளுக்குள் ஏதோ இடறியது. மல்கம் போன பிறகு கதவடியிலேயே நின்றாள்.

"என்ன? சந்தோசம் இல்லையா?" என்று அஸாம் கேட்டான்.

"எந்த ஊரெண்டு தெரியல்லையாம், மச்சான்."

"அது நல்லதுதானே."

"எனக்கு நல்லதில்ல. நான் உன்னிச்சையில எடுத்தன். உம்மாவ வெயில்ல நிப்பாட்டி எடுத்தன். மறுகா எந்த ஊரெண்டு தெரியாட்டி நான் என்னத்த எடுத்திரிக்கன்?"

அவள் கோபித்தது விழாக்காரரை இல்லை. அவளுடைய பெருமைதான் அடிபட்டிருந்தது. 'மாதிரியே' என்று சொல்வதற்கா அவள் இத்தனை நாள் உழைத்தாள்? தான் விரும்பிப் பார்த்த படங்களை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் சனம் ஒரே மாதிரித்தான் இருந்தது. ஊத்தை முகம், வாய்பேசாத கூட்டம், ஒரு துண்டு ரொட்டிக்குக் கழுத்தை நெரிக்கிற கைகள். ஒருவன் மட்டும் பெயருள்ளவன். மற்றவர்கள் அவன் தாண்டிப் போவதற்காகக் கிடக்கிற தரை. அந்தச் சனத்தில் ஒருத்தி சமைத்ததையோ, பக்கத்தில் நிற்பவளுக்கு இடம் பிடித்து வைத்ததையோ, சாரதியை ஏசியதையோ அவள் ஒரு படத்திலும் பார்த்ததில்லை. அதைச் செய்கிற சனத்துக்கு நடுவில்தான் அவள் பிறந்தாள். சுனாமி வந்த கிழமை அவளுடைய வீட்டு முற்றத்தில் கல்குடாவிலிருந்து வந்த முன்பின் தெரியாத குடும்பங்கள் படுத்திருந்தன. உம்மா பெரிய கிடாரத்தில் எல்லாருக்கும் சோறு ஆக்கினார். அப்போதும் உலகம் அழிந்துதான் இருந்தது.

சோதனைச்சாவடியை உண்மையாகக் காட்டிய படங்கள், அதில் நின்ற ஆட்களைப் பொய்யாகக் காட்டியிருந்தன. அவளும் அதையே செய்திருந்தாள்.

அஸாம் கணினியைத் திறந்து, வீசிவிடச் சொன்ன துண்டுகளை ஓடவிட்டான். அந்த மோசமான தரம் வந்தது. பெண்கள் குவெண்டலினை இழுக்கிறார்கள். சைரன் அடிக்கிறது. பவுசர் போகிறது. பெண்கள் நிமிர்ந்து, வெறும் கான்களோடு அதைப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, களைப்பு இருந்தது. தூக்கினோமே என்ற வருத்தம் ஒருத்தியின் முகத்திலும் இல்லை. அதற்குள் நஸ்ஹா கத்திக்கொண்டு நடுவில் ஓடிவந்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டாள்.

"இதுதான் படம்," என்றாள் நஸ்ஹா. "தூக்கினதால தண்ணி போச்சு. இதுதான் மச்சான் என்ட படம்."

"நடுவில நீ நிக்கிறியே."

"திரும்ப எடுப்பம்."

மல்கமிடம் போய்ச் சொன்னபோது அவர் முதலில் பகிடி என்றுதான் நினைத்தார். விழாவுக்குக் கொடுத்த படத்தைத் திருப்பி வாங்கப்போகிறாள் என்று தெரிந்ததும் எழும்பி ஜன்னலடிக்குப் போய்விட்டார்.

"உனக்கு விளங்குதா, என்ன செய்யிறெண்டு? ஆறுதல் குடுக்கிறாய். பாக்கிறவன், சனம் நல்லது, எல்லாம் சரியாகிரும் எண்டு எழும்பிப் போவான். பிறகு குளம் வத்தினா என்ன, வாவி செத்தா என்ன?"

"ஆறுதல் இல்ல அண்ணன். தண்ணி கிடைக்காது. நிர்வாகம்தான் வெல்லும்."

"பயம் குறைஞ்சிரும்."

"குறையாது. உங்கட படத்துல அழியிறது ஆர்? பேரில்லாத கூட்டம். ஒருத்தரையொருத்தர் மிதிக்கிற கூட்டம். அது அழிஞ்சா எனக்கென்ன நட்டம்? அன்னப்பூரணி அக்கா அழியப்போறா எண்டாத்தான் எனக்குப் பயம் வருது."

மல்கம் கெட்டவர் இல்லை. தான் நம்பியதை நம்பினார். ஆனால் கமராவைத் தர முடியாது என்று சொல்லிவிட்டார். நஸ்ஹா படி இறங்கும்போது சமையலறையிலிருந்து குவெண்டலின் எட்டிப் பார்த்து, "நான் வாறன் மகள். விழுறதுக்கு அவன்ட கமரா தேவையில்ல" என்றார்.

மாரி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மழை பெய்தாலும் குளத்துத் தரையின் வெடிப்பு மூடிவிடும். உன்னிச்சையில் வயல் வேலையும் தொடங்கியிருந்தது. நஸ்ஹா தேடிப் போனபோது அன்னப்பூரணி வயல் வட்டையில் வரம்பு கட்டிக்கொண்டிருந்தாள். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி:

"இப்பயும் மிதிக்கச் சொல்லுவியா?"

"இல்லக்கா. தூக்கலாம். ஆனா தூக்கினா தண்ணி கிடைக்காது. பவுசர் போயிரும்."

அன்னப்பூரணி கொஞ்சம் யோசித்தாள். "அது சரிதானே. தூக்கினா நேரம் போகும்தானே. நாளைக்கு வெள்ளன வாங்க, ஆக்களக் கூட்டி வாறன்."

வந்தார்கள். ஏறாவூர் பஸ்ஸும் வந்தது. இந்த முறை இரண்டு கூட்டமாக நிற்கவில்லை. முதல் தரம் சேர்ந்து ஏச்சு வாங்கியவர்கள் அல்லவா, அதற்குள் ஒரு சொந்தம் வந்திருந்தது. பஹீமா கொண்டுவந்த வட்டிலப்பம் எல்லாக் கைகளுக்கும் போயிற்று. அஸாம் கலியாண வீட்டுக் கமராவைத் தோளில் வைத்துக்கொண்டான்.

ஆனால் காட்சி வரவில்லை. தூக்கலாம் என்று சொன்னதுதான் தாமதம், எல்லாரும் மேடை நாடகம் நடிக்கத் தொடங்கினார்கள். குவெண்டலின் விழுமுன்பே பத்துக் கைகள் நீண்டன. ஒருத்தி மார்பில் அடித்து அழுதாள். நஸ்ஹா தலையில் கையை வைத்தாள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

இந்த முறை அவள் கத்தவில்லை. குளக்கட்டில் ஏறிப் போய்த் தனியாக நின்றாள். தூரத்தில் பெண்கள் பகிடி பேசிச் சிரிப்பது கேட்டது. செய்யச் சொன்னால் வராது, சொல்லாவிட்டால் தானாக வரும் என்று அவளுக்குப் பட்டது. அப்படியென்றால் இயக்குநர் செய்ய வேண்டியது சொல்வது இல்லை, வழியை விட்டுக் கொடுப்பது. குளக்கட்டிலிருந்து இறங்கி வந்து, முதலில் சாரதியிடம் போனாள்; பிறகு குவெண்டலினிடம். இரண்டு பேரிடமும் காதோடு பேசினாள். கடைசியில் சனத்தைக் கூப்பிட்டாள்.

"அக்காமார், ராத்தாமார், விழுற காட்சிய விட்டுட்டம். இப்ப பவுசருக்குள்ள உண்மையாத் தண்ணி இரிக்கு, ஐஸ் போட்ட தண்ணி. வந்து நிண்டதும் ஓடிப் போய்ப் பிடிச்சுக் குடிங்க. அவ்வளவுதான்."

காலையிலிருந்து வெயிலில் வெந்தவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? புழுக்கத்தில் மூச்சு முட்டியது. பவுசர் குளக்கட்டால் இறங்கி வந்தது. எல்லாரும் உண்மையாகவே ஓடினார்கள். சீலையைச் செருகிக்கொண்டு, முக்காட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டு, ஒருவரையொருவர் முந்திக்கொண்டு, முழங்கையால் இடித்துக்கொண்டு ஓடினார்கள். முன்னால் வந்த ஒருத்தி குழாயைத் திறந்து முதல் கானை நிரப்பத் தொடங்கினாள்.

அப்போதுதான் குவெண்டலின் விழுந்தார். நடுவில் இல்லை, எல்லாருக்கும் பின்னால், கமரா போகாது என்று எல்லாரும் நினைத்த ஓர் ஓரத்தில். சத்தம் போடாமல் விழுந்தார்; அஸாம் கமராவை அந்தப் பக்கம் திருப்பினான். பஹீமாதான் முதலில் கண்டார். "அல்லாஹ்வே, பொம்புள விழுந்துட்டா!" என்று கானைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடினார். அந்தக் குரலைக் கேட்டு, முன்னால் ஓடிய அன்னப்பூரணி கிறுகித் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒவ்வொருத்தராகத் திரும்பினார்கள். குழாயடியில் நின்றவள்கூட பாதி நிரம்பிய கானோடு ஓடிவந்து அதைக் குவெண்டலினின் முகத்தில் தெளித்தாள். கனத்த உடம்பைத் தூக்க முடியாமல், பஹீமா ஒரு தோளையும் அன்னப்பூரணி மறுதோளையும் பிடித்து நிமிர்த்தினார்கள்.

சைரன் அடித்தது. பவுசர் புறப்பட்டது.

"டேய், நில்லுடா! கண் தெரியல்லையா உனக்கு?" என்று அன்னப்பூரணி கத்தினாள். அதற்குப் பிறகு அவளும் பஹீமாவும் அந்தச் சாரதியின் ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசிய ஏச்சை அஸாம் ஒரு சொல்லும் விடாமல் பதிவு செய்தான். பவுசர் குளக்கட்டில் ஏறி மறைந்தது. பெண்கள் நின்றார்கள். வாய் உலர்ந்திருந்தது, கான் வெறுமையாக இருந்தது, கைகள் குவெண்டலினை விடவில்லை.

நஸ்ஹா 'கட்' சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை. இவர்கள் என்னுடைய ஆட்கள் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் நெஞ்சு விரிந்தது.

குவெண்டலின் கண்ணைத் திறந்து, "பவுசர் திரும்பி வரும், பயப்படாதீங்க" என்று சிரித்த பிறகுதான் எல்லாருக்கும் விளங்கியது. நஸ்ஹாவுக்கு விழுந்த ஏச்சு சாரதிக்கு விழுந்ததைவிடக் குறைவில்லை. பஹீமா உண்மையாகவே கோபித்து, அன்று பின்னேரம் வரை மகளோடு பேசவில்லை. நஸ்ஹா ஒவ்வொருத்தரிடமும் போய், சொல்லாமல் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். எடுத்ததைக் கமராவிலேயே ஓட்டிக் காட்டி, வேண்டாம் என்றால் அழித்துவிடுவதாகச் சொன்னாள். ஆளுக்காள் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

"அழிக்காத," என்றாள் அன்னப்பூரணி. "நான் ஏசுறதும் இரிக்கட்டும்."

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது.

இம்முறை நஸ்ஹா நிறத்தை உறிஞ்சவில்லை. கருமேகத்தின் கீழே வெடித்த மண் என்ன நிறமோ அந்த நிறத்திலேயே விட்டாள். ஏச்சில் பாதியை வெட்ட வேண்டியிருந்தது, மீதியை வைத்தாள். மாரி ஓய்ந்ததும் ஏறாவூரில் ஒரு கலியாண மண்டபத்தை எடுத்து, அந்தி நேர மஃரிபு தொழுகை முடிந்த கையோடு படத்தைப் போட்டார்கள். உன்னிச்சையிலிருந்து ஒரு பஸ் வந்தது. குவெண்டலின் தன் பாடகர் குழுவோடு வந்தார். மல்கமும் வந்து, கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில் பகிடியாகத்தான் இருந்தது. "அந்தா நம்மட ராத்தா!" என்று ஒரு மூலையில் கூச்சல் எழும்பும், மறுமூலையில் சிரிப்பு. வற்றிய குளம் திரை முழுக்க விரிந்தபோது சிரிப்பு குறைந்தது. ஒலிபெருக்கி இலக்கங்களை வாசிக்கத் தொடங்கியபோது மண்டபத்தில் இருந்த மூத்த ஆண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்தக் குரலை அவர்கள் வேறொரு காலத்தில், சோதனைச்சாவடிகளில் கேட்டிருந்தார்கள். குவெண்டலின் விழுந்தார். திரையில் கைகள் நீண்டன. சைரன் அடித்ததும் மண்டபமே சேர்ந்து சாரதியை ஏசியது. பிறகு பவுசர் மறைந்தது. வெறும் கான்களோடு நின்ற பெண்களின் முகங்கள் நெடுநேரம் திரையில் நின்றன. ஒரு கைக்குழந்தை மட்டும் எங்கேயோ சிணுங்கியது.

விளக்குப் போட்டதும் கைதட்டு வரவில்லை, சண்டைதான் வந்தது. ஒருவர் எழும்பி, தண்ணியைக் கொடுத்திருக்கலாமே, நல்ல சனத்துக்கு நல்லது நடக்க வேண்டாமா என்று கேட்டார். இன்னொருவர், ஆர் தருவான், உண்மையைத்தானே காட்டியிருக்கு என்று அவரை அடக்கினார். நாளைக்கு உண்மையாகவே குளம் இப்படி வற்றினால் என்ன செய்வது என்று ஒரு பெண் கேட்டாள். அன்னப்பூரணி கதிரையில் இருந்தபடியே, "வத்தாமப் பாக்கோணும், வேறென்ன?" என்றாள்.

மல்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நஸ்ஹாவிடம் வந்தார். முகம் வாடியிருந்தது.

"நான் பழசத்தான் இன்னும் கூடப் பயங்கரம் எண்டு நினைக்கிறன்," என்றார். "ஆனா அதப் பாத்துட்டு நான் நல்லா நித்திரை கொண்டன். இண்டைக்கு ஏலாது போல."

அதை அவர் தோற்றுப்போன ஆள் போலச் சொல்லவில்லை. ஒரு கைத்தொழில்காரன் இன்னொரு கைத்தொழில்காரிக்குச் சொல்வதுபோலச் சொன்னார். நஸ்ஹா அதை அப்படியே வாங்கிக்கொண்டாள். நன்றி என்றோ, நீங்கள் கற்றுத் தந்தது என்றோ சொல்லவில்லை. "ஓம் அண்ணன்" என்றாள்.

வெளியே பால் விடாத பிளேன்ரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உன்னிச்சைப் பெண்களும் ஏறாவூர்ப் பெண்களும் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு, யார் முதலில் திரும்பி ஓடியது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். பஹீமா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்; அன்னப்பூரணி ஒத்துக்கொள்ளவில்லை. காத்தான்குடியிலிருந்து யாரோடோ வந்திருந்த ஒரு வியாபாரி, பெண்கள் கூட்டத்தை எட்டிப் பார்த்து, "இத எடுத்த ஆள் ஆரு? எந்த ஊரு?" என்று கேட்டார்.

பஹீமா வாயெடுப்பதற்குள் நஸ்ஹா முன்னால் வந்தாள்.

"நான்தான்," என்றாள். "இந்த ஊர்தான்."